யாரும் தொடாத பொத்தான்

பனிச்சங்கேணிப் பாலம் கடந்து போகும் பஸ்ஸில் ஏறி, "கொம்பியூட்டர் கஜானி வீடு எங்க?" என்று கேட்டால் போதும். கொண்டக்டரே மணியடித்து இறக்கிவிட்டு, எந்த ஒழுங்கையால் திரும்புவது என்று கையை நீட்டியும் காட்டுவார். அந்தக் கொம்பியூட்டரில் அவள் என்னதான் செய்கிறாள் என்று மட்டும் ஊரில் கேட்கக்கூடாது. ஒருவர் பாங்க் வேலை என்பார். இன்னொருவர் வெளிநாட்டுக்காரருக்குப் படம் கீறிக் கொடுக்கிறாள் என்பார். அவளுடைய அப்பா நல்லரத்தினத்திடம் கேட்டால், கொஞ்ச நேரம் ஆற்றுப் பக்கம் பார்த்துவிட்டு, "மனிசர் போன்ல அமத்திற பட்டன் எல்லாம் அவதான் செய்யிறா" என்பார். உள்ளதைச் சொன்னால், இருக்கிற விளக்கங்களில் அதுதான் ஆகச் சரியானது.

நாங்கள் கைபேசியில் ஒரு பக்கத்தைத் திறந்து, பெயர் எழுதி, பச்சைப் பொத்தானை அழுத்தி, 'பதிந்தாச்சு' என்று கண்டதும் நிம்மதியாக மூச்சு விடுகிறோம் அல்லவா? அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருக்கிற வேலைதான் கஜானியின் வேலை. மட்டக்களப்பு டவுனில் உள்ள ஒரு சின்னக் கம்பனிக்கு வீட்டிலிருந்தே இணையச் செயலிகள் எழுதுகிறாள். சிக்னல் பெட்டியை வேப்பங்கொப்பில் கட்டி, மழைக்கு ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். காற்று கிழக்கிலிருந்து அடித்தால் கொப்பு ஆடும்; கொப்பு ஆடினால் அவள் வேலையும் ஆடும். முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஏன் இன்னும் இல்லை என்று கேட்க வருகிறவர்களுக்கு, "சேர்வர் விழுந்து கிடக்கு மாமி, மறுகா கதைப்பம்" என்று ஒரே பதில். சேர்வர் என்பது யார், எங்கே விழுந்தார் என்று வந்தவர்கள் கவலைப்பட்டுத் திரும்பிப் போவார்கள்.

அவளோடு சேர்ந்து வேலை செய்கிறவள் நஸ்ஹா. ஏறாவூர்க்காரி, அதே கம்பனி. இருவரும் ஒரு நாளில் பாதியைப் போனில் ஆளுக்காள் காதிலேயே கழிப்பார்கள். நஸ்ஹாவுக்குப் புத்திமதி சொல்வதென்றால் சோறு வேண்டாம். "வெள்ளிக்கிழமை பின்னேரம் புதிசு ஒண்டும் ஏத்தாத கஜானி, உடஞ்சா சனி ஞாயிறு நம்மட தலையிலதான் விடியும்" என்பாள். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்தால் நம் ஆட்கள் இரண்டிலும் அப்பாவின் பெயரை எழுதிவைப்பார்கள், ஒரு பெட்டி போதும் என்பாள். பிழை வந்தால் ஆளைத் திட்டுகிற மாதிரி எழுதாதே, என்ன செய்யலாம் என்று சொல் என்பாள். கஜானிக்கும் தனக்கென்று ஒரு பழக்கம் உண்டு. எதை எழுதி முடித்தாலும் கைபேசியோடு பாலத்தின் நடுவுக்கு நடந்து போவாள். ஊரிலேயே சிக்னல் ஆகக் கெட்ட இடம் அது. அங்கே நின்று பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். அங்கே திறந்தால் எங்கேயும் திறக்கும் என்பது அவள் கணக்கு. தூண்டில் போடுகிற பெடியன்மார், அக்கா யாருக்கோ காத்து நிற்கிறா என்று கண்ணைக் காட்டிச் சிரிப்பார்கள்.

நஸ்ஹாவின் புத்திமதிகளில் கஜானிக்கு மிகவும் பிடித்தது ஒன்று இருந்தது. "கை நடுங்கும், சிக்னல் இழுக்கும், மனிசர் ஒரு பட்டன ரெண்டுதரம் அமத்தத்தான் செய்வாங்க. நீ அத ஒருதரம் எண்டு எடு. அதுக்கு ஒரு தடுப்புப் போட்டு வை." அருமையான புத்திமதி. எந்தக் குறையும் சொல்ல முடியாது. கதை சறுக்கினது அதே புத்திமதியில்தான்.

நல்லரத்தினத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமையில் இரண்டு நாள் டவுன் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியதாயிற்று. 'மிசின் நாள்' என்று ஊரில் சொல்வார்கள். ஆற்றில் வலை போட்டு, இறால் பிடித்து, ஒருவருக்கும் கைகட்டி நில்லாமல் வாழ்ந்த மனிதர். இப்போது விடியப்புறம் எழும்பி, சேட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மிசினுக்குப் புறப்படுவார். வாகரைக் கரையோரத்தில் அவரைப் போல வேறும் பலர் இருந்தார்கள். அவர்களுக்காக ஊர்ச் சங்கம் ஒரு வேன் ஓட்டியது. கதிரவெளியில் தொடங்கி வாகரை வழியாக வரும். பனிச்சங்கேணிக்கு வரும்போது அநேகமாக நிறைந்துவிடும். சாரதி சிவதர்சன் முதல்நாள் பொழுதுபட ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடித்து, நாளைக்கு யார் வருவது, யார் வராதது என்று கேட்பான். பாதிப்பேர் எடுக்கமாட்டார்கள். மீதிப்பேருக்குக் காது கேட்காது. ஆசனம் வெறுமையாகப் போவதும், ஆள் றோட்டில் நின்று ஏமாறுவதும் வழமையாகிவிட்டது.

இதற்கு ஒரு செயலி செய்யலாம் என்று சங்கக் கூட்டத்தில் கதை வந்தபோது, கொழும்பில் நல்ல கம்பனி ஒன்றைப் பிடிப்போம் என்றார் ஒருவர். வீட்டுக்குள் இருக்கிற ஒரு பெண் பிள்ளை செய்து அது சரிவராமல் போனால் யார் பொறுப்பு என்றார் மற்றவர். அப்போதுதான் நல்லரத்தினம் எழும்பினார். கூட்டத்துக்குப் போனால் கடைசி வாங்கில் இருந்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிற ஆள். அன்றைக்கு எழும்பி நின்று, "என்ட மகள் செய்வா. பிழைச்சா என்னைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் கஜானி அதைக் கேள்விப்பட்ட நேரத்திலிருந்து, கம்பனி வேலை முடிந்த பிறகு வேறெதையும் தொடவில்லை.

செயலி சின்னதுதான். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண். எண்ணைப் போட்டு உள்ளே வந்தால், மேலே பெயர், நடுவில் இரண்டு பெரிய பொத்தான்: 'நாளைக்கு வாறன்', 'நாளைக்கு வரல்ல'. வயது போனவர்கள் ஒவ்வொரு முறையும் எண்ணைத் தட்டிக் கஷ்டப்படக்கூடாது என்று, ஒருமுறை உள்ளே வந்தவர் தானே வெளியேறும் வரை உள்ளேயே இருக்கும்படி விட்டாள். வெளியேறக் கீழ் மூலையில் ஒரு சின்னப் பொத்தான். அந்தச் சின்னப் பொத்தானில் என்ன எழுதுவது என்றுதான் இருவரும் ஆக நீண்ட நேரம் கதைத்தார்கள்.

"எல்லாரும் எழுதிற மாதிரி 'வெளியேறு' எண்டு எழுதன்" என்றாள் நஸ்ஹா.

"அது மட்டும் வேணாம்" என்றாள் கஜானி. வாகரைக் கரையில் வளர்ந்த பிள்ளை அவள். சண்டைக் காலத்தில் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய நாட்களில் அந்தச் சொல்லை அவள் போதும் போதும் என்று கேட்டிருக்கிறாள். சுகமில்லாத மனிதர்களைப் பார்த்து ஒரு பொத்தான் 'வெளியேறு' என்று சொல்வதா? ஆட்கள் பேசுகிற மாதிரியே இருக்கட்டும், மற்றப் பொத்தான்கள் 'வாறன்' என்றுதானே சொல்கின்றன என்று யோசித்து, 'போறன்' என்று எழுதினாள். சின்னச் சொல், சின்னப் பொத்தானுக்குள் வடிவாக அடங்கியது. ஆளை நோகடிக்காத சொல்லைத் தேடிப் பிடித்துவிட்டேன் என்று அவளுக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோஷம். பரிசோதிக்கும்போது அதை அவளும் நஸ்ஹாவும் எத்தனை முறை அழுத்தியிருப்பார்களோ தெரியாது. இருவருக்கும் அது வெறும் பொத்தான். அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை.

வேலை ஓடத் தொடங்கியது. சங்கத்தில் குறை சொன்னவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். யார் எந்த எண்ணில் எப்போது எதை அழுத்தினார்கள் என்பதைச் செயலி தானாகவே குறித்துக்கொள்ளும். லொக் என்று அவர்கள் சொல்வது அதைத்தான். கஜானி காலையில் தேத்தண்ணியோடு அதைப் பார்ப்பாள். அதில் ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டது. மிசின் நாளுக்கு முதல்நாள் அப்பாவின் எண்ணிலிருந்து 'வாறன்' இரண்டு தரம் வருகிறது. ஒன்று, கொஞ்சம் பிந்தி இன்னொன்று. ஒவ்வொரு முறையும் அப்படித்தான். தடுப்பு இரண்டாவதை விழுங்கிவிட்டு, 'பதிந்தாச்சு' என்று அதே பச்சைச் செய்தியைக் காட்டியிருக்கிறது.

"உன்ட தடுப்பு நல்லா வேல செய்யிது நஸ்ஹா" என்று சொன்னாள் அவள். ஆனால் அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. வலை எறிந்த கை இப்போது நடுங்குகிறது, அழுத்தினோமா இல்லையா என்று மறந்தும் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். அதை வாய்விட்டுக் கேட்டு அவரைக் கூசப்பண்ண அவளுக்கு மனம் வரவில்லை. கணினியை மூடிவிட்டுப் போய், அப்பாவுக்குப் பிடித்த நண்டுக் குழம்பை உப்புக் குறைத்துச் சமைத்து வைத்தாள்.

அந்த மாதம் கம்பனிக் கூட்டம் வழமையான நாளில் இல்லாமல் ஒரு மிசின் நாளில் விழுந்தது. கூட்டம் முடிந்து கஜானியும் நஸ்ஹாவும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். ஏறாவூரில் நஸ்ஹா இறங்கினாள். வாழைச்சேனையில் கஜானி இறங்கி, வாகரை பஸ்ஸுக்காகத் தரிப்பிடத்துக்கு நடந்தாள்.

அங்கே சீமெந்து வாங்கின் ஓரத்தில், தூணில் தலையைச் சாய்த்தபடி அவளுடைய அப்பா இருந்தார்.

மடித்துவிட்ட கையில் பஞ்சும் பிளாஸ்டரும். மடியில் பாதி கடித்த பணிஸ் ஒன்று. மிசினால் இறங்கியவரின் முகம் வெளிறிக் கிடந்தது. கஜானிக்கு முதலில் அது வேறு யாரோ என்றே பட்டது. அப்பா வேனில் போய் வேனில் வருகிறவர் அல்லவா? ஒவ்வொரு மிசின் நாளும் அப்படித்தானே சொல்லுவார்?

"அப்பா?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பணிஸைச் சேட்டுப் பைக்குள் ஒளிக்கப் பார்த்தார். "நீ எங்க மகள் இங்க... இண்டைக்கு வேன் பழுதாப் போயிற்று. அதான் பஸ்ல..."

அவர் அந்தப் பொய்யை முடிக்கவும் இல்லை. பழுதாய்ப்போன அந்த வேன் சந்தியால் திரும்பி, அவர்களுக்கு முன்னாலேயே வந்தது. நல்லரத்தினத்தைக் கண்டதும் சிவதர்சன் வழமை போலப் பாம் பாம் என்று கோனை அடித்துக் கையைக் காட்டினான். பக்கத்தில் கஜானியைக் கண்டதும் காட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டான். யன்னலோரத்தில் இருந்த சீனிப்பிள்ளை மாமி தலையை வெளியே நீட்டி, "அண்ணன், அலுவல் முடிஞ்சா கெதியா வாங்க!" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். வேலிக்கு அப்பால் குடியிருக்கிற மாமி. தனிக்கட்டை. அவரும் அப்பாவின் மிசின் நாட்களிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்.

"என்ன அலுவல் அப்பா?"

நல்லரத்தினம் வந்து நின்ற வாகரை பஸ்ஸைக் கையால் காட்டினார்.

வாகரை பஸ்ஸில் அவரை யன்னலோரம் இருத்தி, அவள் பக்கத்தில் இருந்தாள். கடை தெருவெல்லாம் கழிந்து, இரண்டு பக்கமும் பற்றைக்காடு வந்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். சீனிப்பிள்ளையிடம் இருப்பது பழைய போன். அதனால் அவர் வேலியால் வந்து, நல்லரத்தினத்தின் போனை வாங்கித் தன் விரலாலேயே அழுத்திவிட்டுப் போவார். பச்சைச் செய்தியும் வரும். ஆனால் விடிந்தால் வேனில் நல்லரத்தினத்துக்கு மட்டும்தான் இடம் இருக்கும். சீனிப்பிள்ளையின் பெயர் வருவதே இல்லை. பனிச்சங்கேணிக்கு வரும்போது வேனில் ஓர் ஆசனம்தான் மிச்சம். தனக்கு வாழைச்சேனையில் அலுவல் இருக்கிறது, பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லி, அதில் சீனிப்பிள்ளையை ஏற்றிவிட்டு அவர் றோட்டில் நிற்பார். முதல் தரம் ஏதோ தவறென்று நினைத்தார். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

"எத்தின தரம் அப்பா இப்படி?"

"செயலி தொடங்கினதில இருந்து."

"சிவதர்சன் ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நான்தான் சொல்லப்படாது எண்டன். அவன் சொல்லப் பாத்தான், பாவம்."

"ஏன் அப்பா?" அவள் அவர் பக்கம் திரும்பினாள். "மிசினால வந்து தலை சுத்துற ஆள், ரெண்டு பஸ் மாறி... எனக்கு ஒரு வார்த்த சொன்னா என்ன?"

அவர் வெளியே பார்த்தபடி சொன்னார்: "நீ செய்தது பிழைச்சிற்று எண்டு ஆரும் உன்னச் சொல்லிரப்படாது மகள். சங்கத்தில அவ்வளவு பேருக்கு முன்னால எழும்பி நிண்டு சொன்னன் நான். பஸ்ஸில போனா என்ன, கால் தேஞ்சா போகுது."

பேசினால் பஸ்ஸில் எல்லோருக்கும் முன்னால் அழுதுவிடுவாள் என்று தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் அவர் தூங்கி, தலை மெல்ல அவள் தோளில் சாய்ந்தது. பாலம் வரும் வரை அவள் அசையாமல் இருந்தாள். இரண்டு அழுத்தல்கள். ஒன்று அப்பாவின் விரல், மற்றது மாமியின் விரல். அப்பாவைக் கூசப்பண்ணக்கூடாது என்று அவள் கேட்காமல் விட்டாள். மகளைக் கூசப்பண்ணக்கூடாது என்று அவர் சொல்லாமல் விட்டார். ஒருவர் மீது ஒருவர் வைத்த பாசம், பச்சை நிறத்தில் 'பதிந்தாச்சு' என்று சொல்லிக்கொண்டே ஒரு சுகமில்லாத மனிதரை றோட்டில் நிறுத்தியிருக்கிறது. இதைவிட மோசமான பிழையை எந்த மொழியில் எழுத முடியும்?

வீட்டுக்கு வந்ததும் நஸ்ஹாவை அழைத்துச் சொன்னாள்.

"தடுப்புப் போடச் சொன்னது நான்" என்றாள் நஸ்ஹா.

"தடுப்பில பிழையில்ல. அப்பா வெளியேறாம போனக் குடுத்தா, மாமி அமத்திறதும் அப்பாட பேர்லதான் விழும். ஆனா அவர் ஏன் வெளியேறல்ல? நான் வடிவாச் சொல்லிக் குடுத்தன், போன வேற ஆருக்கும் குடுக்க முதல் கீழ் பட்டன அமத்துங்க எண்டு."

"நீ இப்ப ஒண்டையும் திருத்தாத. அடுத்த மிசினுக்கு முதல்நாள் பொழுதுபட அப்பாக்குப் பக்கத்தில போய் இரி. வாயத் திறந்து ஒண்டும் சொல்லிக் குடுக்காத. அவர்ட கை என்ன செய்யிது எண்டு மட்டும் பாரு."

கஜானி லொக்கைத் திறந்து இன்னொன்றையும் தேடினாள். 'போறன்' என்ற பொத்தானை யார் யார் அழுத்தியிருக்கிறார்கள்? அவளும் நஸ்ஹாவும் பரிசோதித்ததைத் தவிர ஒன்றும் இல்லை. கதிரவெளியிலிருந்து பனிச்சங்கேணி வரை, ஒரு நோயாளியாவது, ஒரு நாளாவது, அதைத் தொட்டதில்லை. மற்ற வீடுகளில் ஆளுக்கொரு போன் இருந்தபடியால் அது யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது. ஒரு போனை இரண்டுபேர் பாவித்தது இந்த ஒரு வேலிக்கு இரண்டு பக்கத்திலும்தான்.

சங்கத் தலைவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, பிழை தன்னுடையது, திருத்தித் தருகிறேன் என்றாள். அவர் திட்டவில்லை. மனுசன் பஸ்ஸிலா போனார் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். இவ்வளவுக்குத்தானா அப்பா இத்தனை நாள் பயந்தார் என்று நினைக்க அவளுக்கு இன்னும் கவலையாக இருந்தது. சீனிப்பிள்ளை மாமியின் பெயரையும் சிவதர்சனிடம் வாயால் சொல்லிவைத்தாள். அவன் வேனுக்குள் ஒரு சின்னக் கதிரையைப் போட்டுக்கொள்கிறேன் என்றான்.

அடுத்த மிசின் நாளுக்கு முதல்நாள் பின்னேரம், வேப்பமரத்துக்குக் கீழே அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் தன் கதிரையைப் போட்டு, கஜானி கீரை ஆய்கிற சாட்டில் இருந்தாள். நல்லரத்தினம் போனைத் தூரத்தில் பிடித்து, பெயரைப் பார்த்தார். 'நாளைக்கு வாறன்' என்பதை ஒரே ஒரு தரம், நிதானமாக அழுத்தினார். கை நடுங்கவே இல்லை. பச்சைச் செய்தி வந்தது. பிறகு அவர் விரல் கீழ் மூலைக்குப் போனது. அந்தச் சின்னப் பொத்தானுக்கு மேலே நின்றது. அப்படியே திரும்பி வந்துவிட்டது. போனைக் குப்புற மடியில் வைத்தார்.

நஸ்ஹா வாயைத் திறக்காதே என்றுதான் சொல்லியிருந்தாள். கஜானியால் முடியவில்லை.

"அந்தக் கீழ் பட்டன ஏன் அப்பா அமத்தல்ல?"

"எந்தப் பட்டன்?"

"அப்பா."

நல்லரத்தினம் சங்கடப்பட்டார். மகள் செய்த சாமானில் குறை சொல்ல அவருக்கு இப்போதும் மனமில்லை. "அதில 'போறன்' எண்டு எழுதிக் கிடக்கு மகள்" என்றார் மெதுவாக. "நாளைக்கு மிசினுக்கு வெளிக்கிடுற ஆள், முதல்நாள் பொழுதுபடுற நேரத்தில 'போறன்' எண்டு சொல்லுவனா? விரல் போகுதில்ல புள்ள. ஒருக்கா சீனிப்பிள்ளையும் பாத்திற்று, இதென்ன அண்ணன் இப்படி எழுதிக் கிடக்கு எண்டு கையை எடுத்திற்றா."

கஜானியின் கையில் இருந்த கீரை அப்படியே நின்றது.

அவளுக்குத் தெரியாத விஷயமா? பள்ளிக்கூடம் போகிற வயதில் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு "போறன்ம்மா!" என்று கத்திவிட்டு ஓடினால், அம்மா அன்னப்பூரணி அடுப்படியில் இருந்து சத்தம் போடுவாள். "கிறுகி வா புள்ள! என்ன சொன்ன நீ?" வேலிக் கடப்படி வரை போனவள் திரும்பி வந்து, "போயிற்று வாறன்" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் விடுவாள். போகிறவர் திரும்பி வருவேன் என்றுதான் சொல்வது. இந்தக் கரையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் அது தெரியும். நேற்றுக் காலையில் கடைக்குப் போகும்போதுகூடக் கஜானி அப்படித்தான் சொன்னாள். வாய்க்குத் தெரிந்தது விசைப்பலகையில் கை வைத்ததும் மறந்துபோயிற்று. வெளியேறு என்ற சொல்லுக்குப் பயந்து ஓடி, அதைவிடப் பெரிய பயத்தைக் கொண்டுபோய்ப் பொத்தானில் எழுதி, சுகமில்லாத மனிதர்களிடம் கிழமைக்கு இரண்டு தரம் நீட்டியிருக்கிறாள்.

"கொம்மா இருந்திருந்தா உன்னக் கிறுகிக் கூப்பிட்டிருப்பா" என்று நல்லரத்தினம் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கியது. "கடைசியா நான் தோணிக்கு வெளிக்கிடக்குள்ளயும் கடப்படியிலதான் நிண்டா. போயிற்று வாறன் எண்டன். 'ஓம், போயிற்று வாங்க' எண்டா. நான் சொன்ன மாதிரி வந்தன். வரக்குள்ள அவ இல்ல."

அந்தக் காலையில் கஜானி டவுனில் வகுப்பில் இருந்தாள். அம்மாவின் கடைசி வார்த்தை என்னவென்று இத்தனை வருஷம் அவள் கேட்டதில்லை. அவர் சொன்னதுமில்லை. அவள் எழும்பிப் போய் அப்பாவின் தோளில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அன்றைக்கே திருத்தத் தொடங்கினாள். 'வாறன்' என்று அழுத்தினால் இனி 'ஆருக்கு?' என்று பெரிய எழுத்தில் பெயரைக் காட்டிக் கேட்கும். ஏற்கெனவே பதிந்தவர் மறுபடி அழுத்தினால் அதே பச்சைச் செய்தி வராது. 'இவருக்கு முதலே இடம் இருக்கு' என்று சொல்லும். இதெல்லாம் சுலபமான வேலை. கஷ்டப்படுத்தியது அந்தச் சின்னப் பொத்தான்தான். 'போயிற்று வாறன்' என்று எழுதினால் பொத்தானுக்குள் அடங்கவில்லை. அப்பாவின் போனில் இரண்டாக உடைந்து, 'போயிற்று' என்பது மேலேயும் 'வாறன்' என்பது திரைக்கு வெளியேயும் நின்றது. அதைப் பார்க்க அவளுக்குப் பழையதைவிடப் பயங்கரமாக இருந்தது.

"எழுத்தச் சின்னனாக்கட்டா?" என்று நஸ்ஹாவிடம் கேட்டாள்.

"பட்டன்ட அளவுக்குச் சொல்ல வெட்டித்தான் நாம ரெண்டுபேரும் இவ்வளவு பாடுபட்ட" என்றாள் நஸ்ஹா. "இந்தத் தரம் சொல்லுட அளவுக்குப் பட்டன வெட்டு. எங்கட வீட்டிலயும் இதே கததான் கா. உம்மாட்ட 'போறன்' எண்டு சொல்லிப் பாரு, அகப்பக் காம்பு வரும். நானும் அந்தப் பட்டன எத்தின தரம் அமத்தியிருக்கன், ஒருக்காலும் எனக்கு யோசின ஓடல்லயே!"

கீழ் மூலையை விட்டு, திரையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் அந்தப் பொத்தானை நீட்டினாள் கஜானி. 'போயிற்று வாறன்'. அழுத்தியதும் வருகிற பக்கத்தில் ஏதாவது எழுத வேண்டுமே. யோசிக்கவே இல்லை, விரல்கள் தாமாக எழுதின: 'ஓம், போயிற்று வாங்க.' எழுதிய பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று கண்டாள். அழிக்கவில்லை. பாலத்தின் நடுவுக்குப் போய், ஆகக் கெட்ட சிக்னலில் அதை அழுத்திப் பார்த்தாள். கொஞ்சம் சுணங்கி, ஆனால் வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அது. விதியை மீறி அன்றைக்கே ஏற்றிவிட்டாள்.

திங்கட்கிழமை வேனில் நல்லரத்தினமும் சீனிப்பிள்ளையும் முன்னும் பின்னுமாக இருந்து போனார்கள். ஆசனம் போதாத நாட்களில் இரண்டு நடை ஓடுவதென்று சங்கம் முடிவெடுத்தது. லொக்கில் கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி என்று எல்லா ஊரிலிருந்தும் வெளியேறுகிற வரிகள் வந்து விழுந்தன. இத்தனை நாள் வாசலிலேயே நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு புறப்படுவதைக் கஜானி தேத்தண்ணி ஆறும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சக் காலத்துக்குப் பிறகு ஒரு பின்னேரம் நஸ்ஹா அழைத்தாள். "கஜானி, ஒண்டு பாத்தியா? அப்பாட நம்பர் பதியிற நாள் இல்லாத நாள்லயும் உள்ளுக்க வருது. ஒண்டும் பதியிறதும் இல்ல, உடன வெளியேறுது. மறுகா உள்ளுக்க வருது, மறுகா வெளியேறுது. எங்கயோ சுத்துது போல. ஒரு தடுப்புப் போட்டு விடட்டா?"

கஜானி யன்னலால் பார்த்தாள். வேப்பமரத்துக்குக் கீழே அப்பா கதிரையில் இருந்தார். போனைத் தூரத்தில் பிடித்து, ஒரு விரலால் எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டினார். பிறகு அந்த நீட்டுப் பொத்தானை அழுத்தினார். திரையில் வந்ததை வாசிக்கும்போது அவருடைய உதடு அசைந்தது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி எண்ணைத் தட்டத் தொடங்கினார்.

"வேணாம் நஸ்ஹா" என்றாள் கஜானி. "அது பிழையில்ல. அவர் அம்மாட்டச் சொல்லிற்று வெளிக்கிடுறார்."

அந்தப் பொத்தானுக்கு மட்டும் இன்றுவரை தடுப்பு இல்லை. எத்தனை தரம் அழுத்தினாலும் அத்தனை தரமும் அது பதில் சொல்லும்.